ஏலக்காய்க் கணக்கும் சரிபார்ப்புக் கணுவும்

தமிழில் ஏலம் என்னும் சொல் இரு பொருள்களைத் தரும். ஒன்று மணப்பொருளாகிய ஏலம். மற்றொன்று போட்டியில் விலை கூறி விற்றலாகிய ஏலம். பின்னது லெயிலாவ் என்னும் போர்த்துக்கீசியச் சொல்லின் வழிவந்தது என்பர். பிறப்பால் தொடர்பில்லாத இவ்விரு சொற்களும் நாள்தோறும் ஒன்றாக வழங்கும் நிலப்பகுதி கேரளத்தின் இடுக்கி மாவட்ட மலைகளும் அவற்றின் கிழக்கே கீழிறங்கும் தேனி மாவட்டமும் ஆகும். உடும்பன்சோலை வட்டத்திலுள்ள சாந்தன்பாறையில் பறிக்கப்படும் காய், ஸ்டோர் எனப்படும் உலர்த்துமனையில் ஓரிரவு வெப்பத்தில் காய்ந்து, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எடையாகச் சுருங்கி, மூட்டையாகக் கட்டப்பட்டு ஏலத்திற்குச் செல்கிறது. ஏலம் நடைபெறும் இடங்கள் இரண்டு. ஒன்று வண்டன்மேட்டை அடுத்த புற்றடி. மற்றொன்று மலையடிவாரத்துப் போடிநாயக்கனூர். முன்னது கேரளத்தில் உள்ளது. பின்னது தமிழ்நாட்டில் உள்ளது.

இவ்வழியில் ஒரு மூட்டையின் எடை எத்தனை முறை எழுதப்படுகிறது என்பது கருதத்தக்கது. தோட்டத்தார் தம் குறிப்பேட்டில் எழுதுவர். ஏல நிறுவனம் தன் ரசீதில் எழுதும். ஏலக்கூடத்தின் பதிவில் மூட்டைத்தொகுதிக்கு ஓர் எண்ணும் விலையும் ஏறும். வாங்கும் வணிகர் தம் கணக்கில் எழுதுவர். இரு மாநிலங்களின் வரித்துறைகளுக்கும் தனித்தனியே விவரம் செல்லும். நறுமணப்பொருள் வாரியம் 2007ஆம் ஆண்டில் மின்னணு ஏலத்தைப் புகுத்தியது. 2021இல் இரு கூடங்களிலிருந்தும் வணிகர் ஒரே வேளையில் விலை கூறும் முறையும் வந்தது. எனினும் ஏடுகள் பலவாகவே உள்ளன. ஏடுகள் முரண்படும்போது எவருடைய ஏடு நிற்கும் என்னும் வினாவுக்கு நடைமுறையில் ஒரே விடைதான் இருந்து வந்துள்ளது: வலியவருடைய ஏடு நிற்கும். ஓரிரண்டு ஏக்கர் நிலமுடைய சிறு விவசாயிக்கு இது சிறிய செய்தி அன்று.

ஒருவரை ஒருவர் முழுதும் நம்பாத பலர் ஒரே ஏட்டினைப் பொதுவில் வைத்துக்கொள்ள இயலுமா என்னும் இவ்வினாவுக்குக் கணிப்பொறியியல் தந்துள்ள விடைகளுள் ஒன்றே பிளாக்செயின். அதன் உறுப்பாகிய சரிபார்ப்புக் கணு யாது, அதனைக் கொள்கலம் என்னும் மென்பொருள் அமைப்பின் துணையால் நிறுவுவதும் பேணுவதும் எவ்வாறு, அப்பணியில் எங்கே பிழை நேரும் என்பன இங்கு விளக்கப்படுகின்றன.

சொற்களும் பொருளும்

பிளாக்செயின் என்பதற்குத் தொகுதிச் சங்கிலி, கட்டச்சங்கிலி, தொடரேடு எனப் பல சொற்கள் தமிழில் வழங்குகின்றன. முதலிரண்டும் ஆங்கிலச் சொல்லின் உறுப்புகளைத் தனித்தனியே பெயர்த்தவை. தொடரேடு என்பது பொருளின் பயனை நோக்கி அமைந்த சொல். ஏடு என்றவுடன் கணக்கு நினைவுக்கு வருமாதலின் அதுவே இங்கு மேற்கொள்ளப்படுகிறது. தமிழ்நாட்டு அரசு தன் மின்னாளுகைக்கென அமைத்த தொடரேட்டு அமைப்பிற்கு நம்பிக்கை இணையம் எனப் பெயரிட்டுள்ளது. இனிய பெயரே. ஆயினும் ஒருவரை ஒருவர் நம்ப வேண்டிய தேவையைக் குறைப்பதே இத்தொழில்நுட்பத்தின் நோக்கமாதலின், பெயருக்கும் பொருளுக்கும் இடையே சிறு முரண் உண்டு என்பதை மறுத்தற்கில்லை.

தொடரேட்டின் அமைப்பு எளியது. ஒரு குறித்த கால இடைவெளியில் வந்த பதிவுகள் ஒரு தொகுதியாகக் கட்டப்படும். அத்தொகுதி முழுவதையும் ஒரு கணக்கீட்டிற்கு உட்படுத்தினால் நிலையான நீளமுடைய ஒரு சுருக்கக் குறி கிடைக்கும். ஹாஷ் எனப்படுவது இதுவே. தொகுதியில் 50 கிலோ என்றிருப்பதை 49 கிலோ என மாற்றினாலும் சுருக்கக் குறி முற்றிலும் வேறாகிவிடும். ஒவ்வொரு தொகுதியும் தனக்கு முந்தைய தொகுதியின் சுருக்கக் குறியைத் தன்னுள் கொண்டிருக்கும். ஆகவே பழைய பதிவொன்றைத் திருத்த விரும்புவோர் அதற்குப் பின்வந்த தொகுதிகள் அனைத்தையும் திருத்தியாக வேண்டும். அத்துடன் பிறரிடமுள்ள படிகளையும் திருத்தியாக வேண்டும்.

படி வைத்திருக்கும் ஒவ்வொரு கணிப்பொறியும் கணு எனப்படும். இச்சொல் தமிழில் நன்கு பொருந்தி வந்துள்ளது. கரும்பை நடுவோர் கணுவுடைய கரணையையே நடுவர்; ஒரு கணுவிலிருந்து முழுக்கரும்பும் மீண்டும் முளைக்கும். அதுபோல் ஒரு கணு எஞ்சினாலும் ஏடு முழுவதையும் அதிலிருந்து மீட்கலாம். எல்லாக் கணுக்களும் ஏட்டினைப் படிக்கலாம். ஆனால் புதிய தொகுதியை ஏற்பதா மறுப்பதா எனத் தீர்மானித்து ஒப்பமிடும் உரிமையுடையவை சரிபார்ப்புக் கணுக்கள் மட்டுமே. ஒப்பம் என்பது மறைவுச் சாவி எனப்படும் ஒரு பேரெண்ணைக் கொண்டு இடப்படும் மின்னணுக் குறி. அச்சாவி எவரிடம் உள்ளதோ அவரே அக்கணு. கணிப்பொறியோ அது இருக்கும் கட்டடமோ கணு அன்று. பின்வரும் செய்திகள் பலவற்றுக்கும் இதுவே அடிப்படையாதலின் இதனை அழுத்திக் கூற வேண்டியுள்ளது.

திறந்த ஏடும் அழைப்புற்றோர் ஏடும்

தொடரேடுகள் இரு வகைப்படும். எவரும் வந்து சேரத்தக்க திறந்த ஏடு ஒரு வகை. ஈத்தீரியம் இவ்வகையினது. 2022 செப்டம்பர் 15 அன்று அது மின்னாற்றலை மிகுதியாகச் செலவிடும் பழைய முறையைக் கைவிட்டு, வைப்புத்தொகை செலுத்தியோர் ஒப்பமிடும் முறைக்கு மாறியது. சரிபார்ப்பியாக விரும்புவோர் குறைந்தது 32 ஈத்தர் நாணயங்களை வைப்பாக வைக்க வேண்டும். 12 நொடிக்கு ஒரு தொகுதி உருவாகும். தவறு செய்வோரின் வைப்பிலிருந்து தண்டம் பிடிக்கப்படும்.

மற்றொரு வகை, அழைக்கப்பட்டோர் மட்டும் பங்குபெறும் ஏடு. வாரியங்களும் அரசுகளும் நாடுவது இதனையே. காப்பி வாரியம் 2019 மார்ச்சில் தொடரேட்டை அடிப்படையாகக் கொண்ட மின்சந்தையொன்றைத் தொடங்கியது. நறுமணப்பொருள் வாரியம் 2021இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் இந்தியப் பிரிவுடன் ஒப்பந்தம் செய்து, விளைபொருளின் வழித்தடத்தைத் தொடரேட்டில் பதியும் முயற்சியை அறிவித்தது. அதன் சோதனைக்களம் ஆந்திரத்தின் மிளகாய், மஞ்சள் விவசாயிகள், ஏலம் அன்று. தேசியத் தகவலியல் மையம் 2020இல் பெங்களூரில் இத்துறைக்கெனச் சிறப்பு மையமொன்றை நிறுவியது. 2024 செப்டம்பரில் விஷ்வாஸ்யா என்னும் தேசியத் தொடரேட்டு அமைப்பு வெளியிடப்பட்டது. புவனேசுவரம், புனே, ஐதராபாத்து ஆகிய மூன்று நகரங்களின் தரவு மையங்களில் அது பரவியுள்ளது.

அழைப்புற்றோர் ஏட்டில் எத்தனை சரிபார்ப்புக் கணுக்கள் வேண்டும் என்பது விருப்பத்தைப் பொறுத்தது அன்று. ஒரு கணு பழுதுற்றாலோ பொய்யுரைத்தாலோ ஏடு கெடாதிருக்கக் குறைந்தது நான்கு வேண்டும். இரு கணுக்களின் கேட்டைத் தாங்க ஏழு வேண்டும். மூன்றைத் தாங்கப் பத்து வேண்டும். நான்கு கணுக்களுள் மூன்று ஒப்பமிட்டால்தான் தொகுதி ஏறும். இரண்டு அணைந்துவிட்டால் ஏடு பொய்யாகாது, ஆனால் நின்றுவிடும். பெசு முதலான மென்பொருள்களில் உள்ள ஒருமிப்பு முறை இவ்வாறே இயங்குகிறது.

கொள்கலம்

ஒரு மென்பொருள் ஓரிடத்தில் ஓடி மற்றோரிடத்தில் ஓடாமைக்குப் பெரும்பாலும் காரணம் அதன் சூழலே. துணை நிரல்களின் பதிப்பு வேறுபடும். அமைப்புக் கோப்புகள் வேறிடத்தில் இருக்கும். ஏழு இடங்களில் ஏழு பேர் நிறுவும் கணுக்கள் ஒன்றுபோல் இயங்க வேண்டுமெனில் சூழலையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். இதற்கான தீர்வே கொள்கலம். லினக்சு இயங்குதளத்தின் கருவில் ஏற்கெனவே இருந்த இரு வசதிகளை அது பயன்படுத்துகிறது. ஒன்று, ஒரு நிரலின் கண்ணுக்குப் பிறவற்றை மறைத்தல். மற்றொன்று, அது கொள்ளும் நினைவகத்தையும் செயலாற்றலையும் வரையறுத்தல். 2013இல் வெளிவந்த டாக்கர் இவற்றை எவரும் கையாளத்தக்கனவாக ஆக்கியது. 1956இல் கப்பற் சரக்குப் போக்குவரத்தில் இரும்புப் பெட்டிகள் செய்த மாற்றத்தை நினைந்து இட்ட பெயர் இது. உள்ளே இருப்பது எதுவாயினும் பெட்டியின் அளவு ஒன்றாதலின் எக்கப்பலும் ஏற்கும்.

கொள்கலத்திற்கு மூலமாவதை ஆங்கிலத்தில் உருவம் என்னும் பொருள்பட வழங்குவர். அதனைப் படிமம் எனப் பெயர்ப்போர் உளர். கவிதைத் திறனாய்வில் அச்சொல் வேறு பணியில் இருப்பதால் அச்சு என்பது தெளிவு தரும். அச்சு மாறாதது, ஓர் அச்சிலிருந்து வெல்லக்கட்டிகள் போலக் கொள்கலங்கள் பல வார்க்கப்படும். உடைந்த கட்டியைத் தள்ளிவிட்டு மற்றொன்றை வார்த்துக்கொள்ளலாம். கொள்கலத்தின் இயல்பு இதுவே: அது நிலையற்றது, நீக்கப்படுவதற்கென்றே அமைந்தது. ஆனால் சரிபார்ப்புக் கணுவோ மறத்தல் ஆகாதது. தான் இட்ட ஒப்பங்கள் அனைத்தும் அதன் நினைவில் இருந்தாக வேண்டும். மறக்கும் பாத்திரத்தில் மறக்கக்கூடாத பொருளை வைப்பதே இத்துறையின் சிக்கல்.

நிறுவுதல்

பொறி பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஈத்தீரியக் கணுவுக்கு விரைவு மிக்க திண்மவட்டு, இன்றைய அளவில் 2 டெராபைட்டோ அதற்கு மேலோ, தேவை. அழைப்புற்றோர் ஏட்டுக்கு அதில் ஒரு சிறு பகுதியே போதும். இரண்டிலும் இன்றியமையாதது நேரம். கணுவின் கடிகாரம் சில நொடி பிறழ்ந்தாலும் அதன் ஒப்பம் காலம் கடந்ததாகிவிடும். கொள்கலம் தன் நேரத்தைப் பொறியிடமிருந்தே பெறுவதால், நேர ஒத்திசைவை உள்ளே அன்றி வெளியே, இயங்குதளத்தில் அமைக்க வேண்டும்.

அச்சினைப் பெறும்போது லேட்டஸ்ட் என்னும் குறியால் அழைத்தல் பொதுவழக்கம். அது தவறான வழக்கம். இன்று அக்குறி சுட்டும் பொருள் வேறு, நாளை சுட்டுவது வேறு. பதிப்பெண்ணாலோ, இன்னும் உறுதியாக அச்சின் சுருக்கக் குறியாலோ அழைப்பதே முறை. ஏட்டினைக் காக்கும் அதே ஹாஷ் இங்கு அச்சினையும் காக்கிறது.

அடுத்தது நிலைச்சேமிப்பு. ஏட்டின் படி, கணுவின் சாவி, ஒப்பங்களின் வரலாறு ஆகிய மூன்றும் கொள்கலத்திற்கு வெளியே, பொறியின் வட்டில் தனியே ஒதுக்கிய இடத்தில் இருக்க வேண்டும். பெசுவில் கணுவின் சாவி தரவுக் கோப்புறைக்குள்ளேயே பிறக்கிறது. அக்கோப்புறையை வெளியே வைக்க மறந்தவர் கொள்கலத்தைப் புதுப்பிக்கும் நாளில் தம் கணுவின் அடையாளத்தையே இழப்பர். புதிய சாவியுடன் எழும் கணுவை ஏனையோர் அறியார். அதனை ஏற்கப் பிற சரிபார்ப்பிகளுள் பெரும்பான்மையோர் மீண்டும் வாக்களிக்க வேண்டும்.

வாயில்கள் இரண்டு வகை. பிற கணுக்களுடன் பேசும் வாயில் திறந்திருக்க வேண்டும். ஏட்டினை வினவும் வாயிலும் மேலாண்மை வாயிலும் வெளியுலகுக்கு மூடியிருக்க வேண்டும். டாக்கர் ஒரு வாயிலை வெளிப்படுத்தும்போது உபுண்டு முதலான தளங்களில் வழக்கமாக அமைக்கப்படும் தீயரண் விதிகளைக் கடந்தே செல்கிறது என்பது பலரும் அறியாதது. தீயரணில் மூடியாயிற்று எனக் கருதிய வாயில் திறந்தே கிடக்கும். வாயிலைப் பொறியின் உள்முகவரிக்கு மட்டும் கட்டுதல் இதற்கு மாற்று.

ஈத்தீரியத்தில் ஒரு கணு என்பது உண்மையில் மூன்று கொள்கலங்கள்: பதிவுகளைச் செயற்படுத்துவது ஒன்று, ஒருமிப்பை நடத்துவது ஒன்று, சாவியைக் கையாண்டு ஒப்பமிடுவது ஒன்று. முதலிரண்டுக்கும் இடையே ஒரு பொதுமறை உண்டு. இம்மூன்றனையும் ஒரே அமைப்புக் கோப்பில் எழுதி ஒரே கட்டளையால் எழுப்பலாம். கோப்பு சில பத்து வரிகளே. எளிதாக எழுப்பத்தக்கது என்பதனாலேயே கருதாது எழுப்பும் ஆபத்தும் இதில் உண்டு.

பேணுதல்

இடுக்கி மலைகளில் சித்திரை, வைகாசியிலும் துலாமழைக் காலத்திலும் மாலைதோறும் இடி மின்னல் மிகுதி. சாந்தன்பாறை போன்ற ஊரில் கணு ஒன்றை வைப்பதாகக் கொண்டால் முதற்பகை மின்தடையே. அணைந்த கணு பெரிதாக எதையும் இழப்பதில்லை. ஈத்தீரியத்தில் அணைந்திருக்கும் நேரத்திற்கான இழப்பு, அந்நேரத்தில் ஈட்டியிருக்கக்கூடியதற்கு ஏறத்தாழ ஒப்பானது. அழைப்புற்றோர் ஏட்டில் எஞ்சியோர் போதிய அளவில் இருக்கும்வரை வேலை தடைப்படாது. மீண்டெழும் கணு விடுபட்ட தொகுதிகளைப் பிறரிடம் கேட்டுப் பெறும்.

பெருங்கேடு விளைவது அணைவதால் அன்று. அணையக்கூடாது என்னும் பதற்றத்தால். பின்வரும் நிகழ்வைக் கருதிப் பார்க்கலாம். மலையில் மின்சாரம் இல்லை. கணுவைப் பேணுபவர் சாவியின் நகலை எடுத்துச் சமவெளியிலுள்ள மற்றொரு பொறியில் கொள்கலத்தை எழுப்புகிறார். அது ஒப்பமிடத் தொடங்குகிறது. இரண்டு மணி நேரம் கழித்து மலையில் மின்சாரம் வருகிறது. பழைய பொறி தானே எழுகிறது. தடைப்பட்டால் தானே மீண்டும் தொடங்குக என்று அமைப்புக் கோப்பில் எழுதியிருப்பதால் பழைய கொள்கலமும் எழுகிறது. இப்போது ஒரே சாவி இரண்டு இடங்களில் ஒப்பமிடுகிறது. ஈரிடத்து ஒப்பங்களும் வேறுபட்ட கணத்தில் ஈத்தீரிய ஏடு அதனை வஞ்சகம் எனக் கொள்ளும். நோக்கம் என்ன என்று கேளாது. வைப்பில் ஒரு பகுதி தண்டமாகக் கழியும், அக்கணு விலக்கப்படும், எஞ்சிய தொகை கைக்கு வர ஏறத்தாழ 36 நாள் ஆகும்.

இது வெறுங்கற்பனை அன்று. 2021 பிப்ரவரியில், பிறருக்காகக் கணுக்களை நடத்திய ஒரு நிறுவனத்தின் 75 சரிபார்ப்பிகள் இரட்டை ஒப்பத்திற்காகத் தண்டிக்கப்பட்டன. ஒப்பங்களின் வரலாறு நிலைச்சேமிப்பில் வைக்கப்படாததால் மீண்டெழுந்த நிரல்கள் தாம் முன்னர் ஒப்பமிட்டதை அறியவில்லை. தொழிலில் தேர்ந்தோர்க்கே நேர்ந்தது இது.

ஆகவே கணுவை இடம்பெயர்ப்பதற்கு ஒரு வரிசை உண்டு. பழைய கொள்கலத்தை நிறுத்துவது போதாது; அப்பொறியிலிருந்து சாவியையே நீக்க வேண்டும். ஒப்ப வரலாற்றை ஏற்றுமதி செய்து புதிய பொறியில் இறக்க வேண்டும். இதற்கெனப் பொதுவான கோப்பு வடிவம் ஒன்று வகுக்கப்பட்டுள்ளது. பின்னர் இரு சுற்றுக் காலமேனும், அதாவது 13 நிமிடமேனும், காத்திருந்து தொடங்க வேண்டும். பழைய பொறியை அணுக இயலாதெனில் இடம்பெயர்க்காமல் மின்சாரம் வரும்வரை அணைந்திருக்க விடுவதே அறிவுடைமை. காத்தலைவிடக் காலத்தால் சிக்கனமான வழி இங்கு இல்லை.

ஏனைய பணிகளைச் சுருங்கக் கூறலாம். டாக்கர் தன் நிகழ்பதிவுகளை இயல்பாக வரம்பின்றி எழுதிக்கொண்டே செல்லும். அளவு குறிக்காவிடில் சில மாதங்களில் வட்டு நிறைந்து கணு நிற்கும். புதிய பதிப்பு வெளிவரும்போது எல்லாக் கணுக்களையும் ஒரே நாளில் மாற்றுதல் கூடாது. ஒன்றை மாற்றி, அது ஒப்பமிடுவதைக் கண்ட பின்னரே அடுத்ததை மாற்ற வேண்டும். எல்லோரும் ஒரே மென்பொருளை ஓட்டுவதும் ஏற்புடையதன்று. 2023 மே 11, 12 ஆகிய நாள்களில் ஈத்தீரியத்தின் ஒருமிப்பு மென்பொருள்களுள் சில மிகு சுமையால் தளர்ந்தபோது, தொகுதிகள் முடிவுறும் நிலை சிறிது நேரம் தடைப்பட்டது. வேறு மென்பொருள்களை ஓட்டியோர் தொடர்ந்து இயங்கினமையால் ஏடு தானே மீண்டது.

சாவியின் காப்பு நகலைத் தாளில் எழுதிப் பூட்டி வைத்தல் இன்றும் சிறந்த முறைகளுள் ஒன்று. ஏலத்தோட்டத்து ஈரமும் உலர்த்துமனையின் புகையும் தாளுக்கு ஆகாதன என்பதால், அங்கு உலோகத் தகட்டில் பொறிப்பது மேலும் நன்று.

ஏடு அறியாதவை

தொடரேடு எழுதியதைக் காக்கும். எழுதப்படுவது மெய்யா என அறியாது. தராசு தவறினால் தவறிய எடையே அழியா எழுத்தாகும். நிறமூட்டிய காயை நல்ல காய் எனப் பதிந்தால் ஏழு கணுக்களும் ஒருமித்து அதற்கு ஒப்பமிடும். வழித்தடப் பதிவு பற்றிய விளம்பரங்கள் இதனைப் பெரும்பாலும் கூறுவதில்லை.

ஆயினும் ஒரு பொருளின் பழைய பயணத்தைக் காட்டுவதில் இவ்வேட்டிற்கு மெய்யான பயன் உண்டு. ரீபூலிங் என வழங்கும் வழக்கம், அதாவது ஒருமுறை ஏலத்தில் எடுத்த காயை வணிகர் மீண்டும் ஏலத்திற்குக் கொணர்வது, விலையைத் தாழ்த்துகிறது என்பது விவசாயிகளின் நெடுநாள் முறையீடு. வரத்து உண்மையில் எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு என்பது கூடத்தில் நிற்பவர்க்குத் தெரிவதில்லை. மூட்டைத்தொகுதியின் எண் முதல் விற்பனையிலேயே பொது ஏட்டில் ஏறியிருப்பின், எண்ணின்றி வரும் காய்க்கு விளக்கம் கேட்க முடியும். காயைக் கலந்து புதிய மூட்டையாகக் கட்டுவதை ஏடு தடுக்காது; எனினும் ஒரு தோட்டத்தின் பெயரில் அதன் விளைச்சலுக்கு மிஞ்சிய காய் பதியப்படுவதைக் கூட்டிக்காட்டும்.

இப்பயன் கணுக்கள் எவர் கையில் உள்ளன என்பதைப் பொறுத்தது. ஏழு கணுக்களும் ஒரே நிறுவனத்தின் வாடகைப் பொறிகளில் ஏழு கொள்கலங்களாக ஓடுமாயின், அந்நிறுவனத்தின் மேலாளர் ஒருவர் ஏழு சாவிகளையும் கையாள இயலும். அது பழைய ஒற்றை ஏடே. கொள்கலம் கணுவை மலிவாக்கியதன் மெய்யான பயன், ஒரே இடத்தில் பலவற்றை எழுப்புவதில் இல்லை. முன்பு எழுப்ப இயலாதவர் ஒன்றை எழுப்புவதில் உள்ளது. ஏலத்திற்கு இத்தகைய ஏடு அமையுமாயின், வாரியத்திடம் ஒன்று, ஏல நிறுவனங்களிடம் இரண்டு, போடியின் வணிகர் சங்கத்திடம் ஒன்று, மயிலாடும்பாறை ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்தில் ஒன்று எனப் பகிர்ந்தபின் எஞ்சும் இரண்டு விவசாயிகளிடம் இருத்தல் வேண்டும். இரண்டுக்கும் வெவ்வேறு மின்தடமும் தனித்தனி இணைய இணைப்பும் வேண்டும். ஒரே மின்னலில் இரண்டும் அணைந்தாலும் எஞ்சிய ஐந்து ஒப்பமிடும். ஆனால் அவ்வேளையில் எழுதப்படும் தொகுதிகளில் விவசாயிகளின் ஒப்பம் இராது. கூட்டுறவுச் சங்க அலுவலகம் ஒன்றில் சிறு பொறியும் மின்கல அடுக்கும் பேணத் தெரிந்த ஒருவரும் இருந்தால் இது நடக்கும். மூன்றாவது கூறப்பட்டவரே கிடைத்தற்கு அரியர். இணைப்பு அறுந்த மாலையில் சாவியை வேறிடத்திற்கு மாற்றாமல் காத்திருக்க வேண்டியவரும் அவரே.